கரிசல் வட்டார மாணவர் விடுதிகள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் தங்கிப் படிக்கும் இல்லங்கள். அமெரிக்காவில் 1776இல் ஃபை பீட்டா கப்பாவோடு தொடங்கிய கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்களில், புதியவர் யார் என்பதைப் பழைய உறுப்பினர்களே தீர்மானிப்பார்கள். கரிசல் விடுதிகளிலோ, மானாவாரி ஊர்ப் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் சேர்த்தவை தூரமும் வறுமையும்தான்.

இங்கே கல்விக்கு வழி திறந்தது, வணிகர்கள் பொதுக்காரியத்துக்குத் திரட்டிய மகிமைப் பணம். அந்த நிதியைக் கொண்டு விருதுநகர் நாடார்கள் 1889இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். காமராசர் படித்த பள்ளி அது. 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. கோவில்பட்டியில் 1966இல் ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரியும், 1984இல் நேஷனல் பொறியியல் கல்லூரியும் தொடங்கின.

இங்கே படிக்க வந்தவர்களுக்காக அந்தந்தச் சமூகத்தார் நடத்திய விடுதிகள் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கின. இடமும் சோறும் சாதி வழியே கிடைத்ததால், பிரிவினையும் அங்கேயே வேர் பிடித்தது. இரண்டையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும். அரசின் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள்தாம் நிதிப் பின்புலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தன. பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். மாணவியருக்கு அந்த விதி இல்லை. 2025இல் அரசு விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் சூட்டப்பட்டது.

விடுதித் தோழமையை உண்மையில் வளர்த்தது மெஸ். ‘டிவைடிங் சிஸ்டம்’ உள்ள விடுதிகளில் மாதச் செலவை அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்வார்கள். மாணவப் பிரதிநிதிகளே சந்தைக்குப் போவார்கள், அரிசி பருப்பை அளந்து கொடுப்பார்கள், கணக்கைப் பலகையில் ஒட்டுவார்கள். பில் ஏறினால் கேள்வி கேட்க முதலாண்டு மாணவருக்கும் உரிமை உண்டு. பொதுப்பணத்தைக் கையாளும் ஒழுக்கத்தை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் பாடம் கல்லூரியில் குறைவு.

தோழமையின் பெயரால் நடந்த கொடுமை ராகிங். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டது தமிழகத்தையே உலுக்கியது. அதையடுத்து வந்த 1997ஆம் ஆண்டுச் சட்டம் ராகிங்குக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள்படி, ராகிங்கில் ஈடுபடமாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும். சீனியர் ஒருவர் ‘இது இங்கே வழக்கம்’ என்று சொன்னால், புதிதாகச் சேர்ந்தவர் தயங்காமல் வார்டனிடமோ அந்தக் குழுவிடமோ சொல்லலாம்.