வனமுகாம்களின் வடிவம் உருவான வரலாறு

அமெரிக்காவில் 1905-இல் நிறுவப்பட்ட வனப்பணித் துறை, 1916-இல் ஓரிகன் மாநிலத்தின் ஈகிள் கிரீக்கில் மேசைகளும் கழிப்பிடங்களும் கொண்ட முகாமிடத்தை அமைத்தது. கூடாரமடித்துத் தங்குவோருக்காக அத்துறை திட்டமிட்டு உருவாக்கிய தொடக்ககால இடங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

1920-களில் மோட்டார் வாகனங்கள் பெருகி, வந்தவர்கள் மரத்தடிவரை வண்டியைச் செலுத்தியதால், மண் இறுகி, வேர்களுக்குக் காற்றும் நீரும் குறைந்து, முகாமிடத்து மரங்கள் நலிவுற்றன. இதைத் தடுக்க, செடிகொடிகளுக்கு வரும் நோய்களை ஆராயும் தாவர நோயியல் துறையில் வல்லுநரான மைனெக்கி, ஒருவழி வளையப் பாதை, அதிலிருந்து கிளைக்கும் வண்டி நிறுத்துமிடம், நிலையாகப் பதித்த மேசை, அடுப்பு ஆகியவற்றைக் கொண்ட அமைப்பை 1932-இல் வகுத்தளித்தார்.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு 1933 முதல் 1942 வரை இயங்கிய குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படை, அவ்வமைப்பை நாடெங்கும் பரப்பியது. மலை நீர்த்தேக்கக் கரைகளிலுள்ள எளிய முகாம்கள் பலவும் இன்றும் அதையே பின்பற்றுகின்றன. காட்டின் விருந்தினர் காட்டுக்கே கேடாகாமல் தடுத்த பெருமை இத்திட்டமிடலுக்கு உரியது.