கோமின்கான்

ஜப்பானிய மொழியில் 'கோமின்' என்றால் குடிமக்கள். 'கான்' என்றால் பொதுக் கட்டடம், மன்றம். இரண்டும் சேர்ந்தால் குடிமக்கள் மன்றம். வயதுவந்தோர் கல்விக்காக எழுந்த இடத்தின் பெயரில் பள்ளி என்ற சொல்லே இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஜப்பான் போரில் தோற்று, உணவுக்கே திண்டாடிய 1946-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் இம்மன்றங்களை ஊர்தோறும் அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பின்னணியில் இருந்தவர் அமைச்சக அதிகாரி தெரானகா சகுவோ. மக்களாட்சியை மக்கள் கூடிப் பேசிப் பழக ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். 1949-இல் வந்த சமூகக் கல்விச் சட்டம் கோமின்கான்களுக்குச் சட்டத் தகுதி தந்தது.

இன்று ஒரு கோமின்கானுக்குள் போனால் தத்தாமி பாய் விரித்த அறையில் முதியவர்கள் தூரிகை பிடித்து எழுத்துப் பழகுவார்கள். பக்கத்துச் சமையற்கூடத்தில் உலை கொதிக்கும்.

கோமின்கானைப் போன்ற இடங்கள் பிற நாடுகளிலும் எழுந்தன. 1998-இல் யுனெஸ்கோவின் பாங்காக் அலுவலகம் ஆசிய நாடுகளில் 'சமூகக் கற்றல் மையம்' திட்டத்தைத் தொடங்கியது. ஜப்பானின் உதவியும் அதற்கு இருந்தது. வங்கதேசத்தில் டாக்கா அஹ்சானியா மிஷன் நடத்தும் இத்தகைய மையத்துக்குக் 'கணகேந்திரா', அதாவது மக்கள் மையம், என்று பெயர். அங்கே எழுத்தறிவோடு பிழைப்புக்கான தொழிலும் கற்றுத் தருகிறார்கள். ஜப்பானியப் பெயரை அப்படியே ஒட்டாமல் அவரவர் மொழியில் பெயரிட்டதே சரி.

2014-இல் ஒகாயாமா நகரில் கோமின்கான்களும் இம்மையங்களும் ஒரே மாநாட்டில் கூடின.