ஒரே கருவி, இரு குரல்கள்

அடுத்த அறையில் பேசுபவர் யாரென்பதை முகம் காணாமலே நாம் அறிந்துகொள்கிறோம். குரலே ஆளைக் காட்டிவிடுகிறது. இசைக் கருவிக்கும் இது பொருந்துமா? ஒரே வகைப் பித்தளைக் குழல் இருவர் கையில் இருவேறு குரலில் பேசுமா? அமெரிக்க ஜாஸ் இசையின் வரலாறு இதற்கு நல்லதொரு விடை தருகிறது.

பெல்ஜிய நாட்டவரான அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவியே சாக்ஸபோன். அதன் உடல் பித்தளையாயினும், ஒலி பிறப்பது ஊதும் முனையில் பொருத்திய மெல்லிய நாணல் பட்டையில்தான். நம் நாகசுரத்தின் சீவாளிக்கு இரட்டை நாக்கு; இதற்கோ ஒற்றை நாக்கு. உதட்டின் அழுத்தமும் மூச்சின் வேகமும் சற்றே மாறினாலும் ஒலியின் நிறம் மாறிவிடும். மனிதக் குரலுக்கு இது மிக நெருங்கிய கருவி எனப்படுவது இதனாலேயே.

டெனர் சாக்ஸபோனுக்கு ஜாஸ் இசையில் உயரிய இடம் தேடித் தந்தவர் கோல்மன் ஹாக்கின்ஸ் (1904-1969). ஃப்ளெட்சர் ஹென்டர்சனின் புகழ்பெற்ற குழுவில் பத்தாண்டுகளுக்கும் மேலாக வாசித்தவர். அவருடைய ஒலி கனமானது, அறை முழுவதும் நிறைவது, ஆழ்ந்த அதிர்வுடையது.  1939 அக்டோபரில் அவர் பதிவு செய்த 'பாடி அண்ட் சோல்' இசைத்தட்டில், பாடலின் மெட்டைச் சற்றே தொட்டுவிட்டுத் தம் கற்பனையிலேயே மூன்று நிமிடங்களைக் கட்டி எழுப்பினார்.

1934இல் ஹாக்கின்ஸ் ஐரோப்பா சென்றபோது, அவரது இடத்துக்கு லெஸ்டர் யங் (1909-1959) அழைக்கப்பட்டார். யங்கின் ஒலியோ மென்மையானது, அதிர்வு குறைந்தது, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு உரையாடுவது போன்றது. குழுவினர் முகம் சுளித்தனர். ஹென்டர்சனின் மனைவி ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி, அவரைப் போல் வாசிக்கத் தூண்டினார் என்று யங்கே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அவர்களுடைய வீட்டில் தங்கியிருந்த அவர் மரியாதையுடன் கேட்டுக்கொண்டார். தம் குரலை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. சில மாதங்களில் குழுவை விட்டு விலகினார்.

குறை ஹாக்கின்ஸிடம் இல்லை. ஒருவரின் குரலையே கருவியின் குரலென்று கருதியவர்களிடமே குறை இருந்தது.

1936இல் கவுன்ட் பேஸியுடன் இணைந்த யங்கின் வாசிப்பு, அவ்வாண்டே சிகாகோவில் முதன்முறையாக இசைத்தட்டில் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு முதல் பாடகி பில்லி ஹாலிடேயின் பாடல்களுக்குப் பின்னணியில் வாசித்தார். பாடலின் சொற்களை அறியாமல் அதை வாசிக்கலாகாது என்பது அவர் கொள்கை. ஒதுக்கப்பட்ட அந்த மெல்லொலியையே ஸ்டான் கெட்ஸ் போன்ற அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் தேடிப் பின்பற்றினர்.

ஆனால், யங்கின் பிற்கால வாழ்வு துயரமானது. படையில் சேர்க்கப்பட்ட அவர் 1945இல் போதைப்பொருள் குற்றத்துக்காக இராணுவச் சிறையில் அடைக்கப்பட்டார். உடலையும் மது அரித்தது. 1957 டிசம்பர் 8ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஹாலிடே ஒரு புளூஸ் பாடலைப் பாடினார். பென் வெப்ஸ்டர், யங், ஹாக்கின்ஸ் என்னும் மூன்று டெனர் கலைஞர்களும் அதில் தனித்தனியே வாசித்தனர். வெப்ஸ்டரிடம் மூச்சின் வெம்மை. ஹாக்கின்ஸிடம் குறையாத கம்பீரம். நலிந்திருந்த யங் எழுந்து நின்று பன்னிரண்டே தாளக்கட்டுகள் வாசித்தார். விரைவில்லை, அலங்காரமில்லை, சில சுரங்களே. அவரை நோக்கித் தலையசைக்கும் ஹாலிடேயின் முகத்தை அப்படக்காட்சியில் இன்றும் காணலாம். 1959இல், மார்ச்சில் யங்கும் ஜூலையில் ஹாலிடேயும் மறைந்தனர்.

அந்தப் பன்னிரண்டு தாளக்கட்டுகளைக் கேட்கும்போது நம் இல்லங்களை எண்ணிப் பார்க்கிறோம். "அவனைப் போல் இரு" என்று பிள்ளைகளிடம் எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! நாம் காட்டும் எடுத்துக்காட்டு மிக உயர்ந்ததாகவே இருக்கலாம். ஆயினும், நம் எதிரே நிற்கும் பிள்ளையின் மூச்சு வேறு. அதன் ஒலி எது என்று முதலில் கேட்டறிவதே நம் கடமை.