லெட்டூஸின் தாய்வீடு

ஜூலை பிறந்தால் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் குன்றுகளெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். புல் காய்ந்து சருகாய்க் கிடக்கும் அந்த நாட்களில், வேலி ஓரத்திலும் கடைகளின் வாகன நிறுத்தத்து சிமெண்ட் வெடிப்பிலும் ஒரு செடி மட்டும் இடுப்பளவு எழுந்து பச்சையாக நிற்கும். விதைத்தவர் இல்லை, தண்ணீர் விட்டவரும் இல்லை. என் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் முளைத்ததை இரண்டு வருடமாகப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். கையுறை போட மறந்த ஒரு நாளில்தான் அது யாரென்று உறைத்தது.

இலையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். அடிப்பக்கம் நடுநரம்பு நெடுகிலும், ரம்பப் பல் மாதிரி ஒற்றை வரிசையில் முள். இலையின் அடி இரண்டு காதுமடலாக விரிந்து தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். ஒடித்தால் எருக்கம்பால் போல வெள்ளையாகப் பால் கசியும். சற்று நேரத்தில் பழுப்பேறி விரலில் பிசினாய் ஒட்டும். தண்டில் இருக்கும் இலைகள் வெயிலுக்கு மல்லாந்து கிடப்பதில்லை. அடியில் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு, முகம் கிழக்கும் மேற்கும் பார்க்க, விளிம்பில் நிற்கும். காலை, மாலை இளவெயில் முழுசாகக் கிடைக்கும். உச்சி வெயிலுக்கு விளிம்பு மட்டும்தான். திசைகாட்டிச் செடி என்று இதற்கு இன்னொரு பேர் வந்தது அதனால்தான்.

இதன் பெயர் முள் லெட்டூஸ். தாவரவியலில் லாக்டுகா செரியோலா. பர்கரின் நடுவே மொறுமொறுவென்று கிடக்கிறதே, அந்த லெட்டூஸ் லாக்டுகா சட்டைவா. லத்தீனில் லாக் என்றால் பால். கடை லெட்டூஸின் அடித்தண்டை நறுக்கும்போது துளிர்க்கும் வெள்ளைத் துளியும் அதே பால்தான். இரண்டுக்கும் 18 குரோமோசோம்கள். மகரந்தம் மாற்றினால் நன்றாக முளைக்கிற விதை பிடிக்கும். குப்பைத் தொட்டி ஓரத்துக் களை தாய், கடை அலமாரியில் இருப்பது மகள்.

நம்ப முடியவில்லை என்றால் மகளைப் பறிக்காமல் விட்டுப் பாருங்கள். போன கோடையில் சொட்டு நீர்க் குழாயை நம்பி ஒரு ரோமெய்ன் லெட்டூஸைத் தொட்டியில் விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது மார்பளவு தண்டு விட்டு, கிளை பிரிந்து, சின்னச் சின்ன மஞ்சள் பூவோடு நின்றது. நீளப் பகலும் சூடும் சேர்ந்தால் லெட்டூஸ் இலையை மறந்து பூவுக்குப் போய்விடும். நாம் ஒரு பூ என்று நினைப்பது சுமார் 10, 20 பூக்களின் கொத்து. இதழ் என்று நினைப்பது ஒவ்வொன்றும் நுனியில் ஐந்து பல் கொண்ட முழுப் பூ. காலையில் சில மணி நேரம் விரிந்து மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. வேலியோரச் செடியின் பூவைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்தேன். எது எதுவென்று எனக்கே குழம்பிவிட்டது.

தாய் மகளானது எப்படி? நெதர்லாந்தின் வாகனிங்கன் விதை வங்கியும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து 445 லாக்டுகா மாதிரிகளின் மரபணுவைப் படித்து 2021இல் ஒரு விடை சொன்னார்கள். காக்கசஸ் மலைப் பகுதியை ஒட்டி, ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் இதை வசப்படுத்தினான். முதலில் மாறியது இலையல்ல, விதை. காட்டுச் செடியில் விதை முற்றியதும் கொத்தைத் தாங்கும் பச்சைச் செதில்கள் பின்னால் மடங்கிவிடும். ஒவ்வொரு விதையும் நீண்ட அலகின் நுனியில் வெள்ளைக் குடை பிடித்துக் காற்றில் பறந்துவிடும். எள் பயிரிட்டவர்களுக்கு இந்தக் கவலை புரியும்: ஒரு நாள் தாமதித்தால் காய் வெடித்து மகசூல் மண்ணுக்குப் போய்விடும். செதில் மடங்காமல், கிண்ணம் போல விதையை ஏந்தி நிற்கும் செடி ஏதோ ஒரு வயலில் தற்செயலாய்ப் பிறந்தது. அதன் விதையை எடுத்து வைத்தார்கள். அன்றைக்கு லெட்டூஸ் கீரை அல்ல, எண்ணெய் வித்து.

எகிப்தின் கர்னாக்கில் முதலாம் செனுஸ்ரெத் கட்டிய வெள்ளை மண்டபத்தில், மின் என்ற வளமைக் கடவுளின் பக்கத்தில் நெட்டையான லெட்டூஸ் செடிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு வயது ஏறத்தாழ 3,900 ஆண்டு. பிறகு முள் போனது, கசப்பு குறைந்தது, பூக்கும் நாள் தள்ளிப்போனது, இலை அகன்றது. சீனாவில் இலையை விட்டுத் தண்டைப் பெருக்கினார்கள். இங்கே சீனக் கடைகளில் முருங்கைக்காயைவிடப் பருமனாய், வெளிர்ப் பச்சையாய்ப் படுத்திருக்கும் தண்டு அதுதான்.

அமெரிக்காவில் 1894இல் ஃபிலடெல்ஃபியாவின் பர்பி விதைக் கம்பெனி 'ஐஸ்பெர்க்' என்ற ரகத்தை விற்றது. இலை ஓரத்தில் சிவப்புச் சாயல் கொண்ட ரகம் அது. இன்று ஐஸ்பெர்க் என்று நாம் வாங்கும் உருண்டை வேறு வம்சம், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கலிபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரைக்குப் பனிக்கட்டி அடுக்கிய ரயில் பெட்டியில் பல நாள் பயணம் தாங்க, இறுக மூடிய இந்த உருண்டையால்தான் முடிந்தது. ஜான் ஸ்டெயின்பெக்கின் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலில் ஆடம் டிராஸ்க் பெரும் பணத்தை இப்படி ஒரு லெட்டூஸ் ரயிலில் போட்டு, வழியில் சரக்கு அழுகித் தோற்றுப்போவான். அந்தக் கதை நடக்கும் சலினாஸ் பள்ளத்தாக்கு சான் ஹோசேயிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணம்.

சலினாஸில் காலை மூடுபனி லெட்டூஸுக்குச் சுகம். அடிச்சாம்பல் நோய்க்கு அதைவிடச் சுகம். ஒரே ரகத்தை மைல் கணக்கில் நட்டால் நோய்க்கு விருந்துதான். மகளுக்கு நோய் வந்ததும் தாய்வீட்டுக்கு ஓடினார்கள். முள் லெட்டூஸின் எதிர்ப்புச் சக்தியைக் கலந்து 1960இல் 'கால்மார்' ரகம் வந்தது. அதற்கு முன்பே, அமெரிக்க வேளாண் துறையின் தாம்சன் இன்னும் தூரத்து உறவான லாக்டுகா வைரோசாவிடம் போயிருந்தார். அதனோடு கலப்பது லேசில்லை. பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாய் நிற்கும். விடாமல் முயன்று 1958இல் 'வேன்கார்ட்' கிடைத்தது. இந்த இரண்டு வம்சத்தையும் இணைத்து எட்வர்ட் ரைடர் 1975இல் வெளியிட்ட ரகத்துக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள்: 'சலினாஸ்'.

கலப்பு வேலையும் சும்மா இல்லை. லெட்டூஸ் பூ தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொள்ளும் ரகம். அதனால் காலையில், விரிந்த பூ மேல் மெல்லிய நீர்த்தாரை அடித்து அதன் மகரந்தத்தைக் கழுவி, ஈரம் ஆறியபின் வேற்றுப் பூவைத் தொட்டுத் தேய்க்க வேண்டும். மதியத்துக்குள் கடை மூடிவிடும்.

1998இல் லெட்டூஸ் அசுவினி சலினாஸுக்கு வந்து உருண்டைக்குள்ளே குடியேறியது. அதற்கும் மருந்து வைரோசாவிடமே இருந்தது. டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மிச்செல்மோர் குழு, லெட்டூஸின் மரபணுத் தொகுதியை 2017இல் வெளியிட்டது. படித்தது அதே 'சலினாஸ்' ரகத்தை. சுமார் 250 கோடி எழுத்து. நம்முடையதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மண் சூடேறினால் கடை லெட்டூஸ் விதை முளைக்க மறுக்கும். கலிபோர்னியாவில் தானாக வளர்ந்த ஒரு முள் லெட்டூஸ் சூட்டிலும் முளைப்பதைக் கண்டு, அதற்கான மரபணுவையும் டேவிஸில் பிடித்துவிட்டார்கள்.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காண நிபுணராக வேண்டாம். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தாய், சித்தி, பெரியம்மா மூவரும் உண்டு. தண்டு இலை கோடு போல ஒடுங்கி, அடி அம்பு முனையாய்ப் பிரிந்து, நடுநரம்பு வெளுத்திருந்தால் சித்தி, லாக்டுகா சாலிக்னா. விதை கருஞ்சிவப்பாய், ஓரம் அகன்று இருந்தால் பெரியம்மா வைரோசா. தாயின் விதை சாம்பல் பழுப்பு, முகத்துக்கு ஐந்தாறு வரி. நியூ ஜெர்சி நண்பர்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஒன்றைப் பார்த்து, விதையின் முகத்தில் ஒரே ஒரு வரி இருந்தால் அது வட அமெரிக்க மண்ணுக்கே உரிய லாக்டுகா கனடென்சிஸ். பூ நீலமாய், விதைக் குடை பழுப்பாய் இருந்தால் லாக்டுகா பையென்னிஸ். பால் வடிந்து, விதைக்கு அலகே இல்லையென்றால் அது லெட்டூஸாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் சோங்கஸ் என்ற களை. எதையும் பறித்துப் பொரியல் வைக்க வேண்டாம். பால் கடும் கசப்பு. சாலையோரச் செடி மேல் களைக்கொல்லி அடித்திருப்பார்கள்.

இப்போது குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒன்றை மட்டும் பிடுங்காமல் விட்டிருக்கிறேன். நீங்களும் ஒரு கோடைக்கு ஒரு கடை லெட்டூஸைப் பூக்க விட்டு, வேலியோரத்து ஒன்றையும் விட்டுவையுங்கள். விதை முற்றியபின் செதில்களைப் பாருங்கள். மடங்கியிருந்தால் தாய், நிமிர்ந்து விதையை ஏந்தியிருந்தால் மகள்.