மொன்பெலியேவும் முப்பதாயிரம் யூரோவும்

தெற்குப் பிரான்சில், கடலிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி மொன்பெலியே என்று ஓர் ஊர். தெருவெல்லாம் மாணவர்கள். 1181-இல் அந்த ஊர்ப் பிரபு எட்டாம் கில்லெம், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இங்கே வைத்தியம் சொல்லித்தரலாம் என்று உத்தரவு போட்டார். 1220-இல் மருத்துவப் பள்ளிக்குச் சட்டதிட்டம் எழுதினார்கள். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. ரபெலே 1530-இல் சேர்ந்தது அங்கேதான். பிரெஞ்சு மீடியத்தில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ரபெலே என்றதும் வாத்தியாரின் பிரம்பும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

எண்ணூறு வருஷமாக வைத்தியம் கற்றுத்தரும் அந்த ஊரில், படிக்கிற பிள்ளையைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்கு உடம்புக்கு வந்தால் யார் பணம் கட்டுவது? நம்ம தெருவில் பிரெஞ்சுக் காகிதம் எது வந்தாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும் என்பதால் இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

பிள்ளைகளுக்குக் கவலையில்லை. யுத்தம் முடிந்த 1945 அக்டோபரில் இரண்டு அவசரச் சட்டங்கள் போட்டு செக்யுரித்தே சொசியாலை ஆரம்பித்தார்கள். அது வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். மாணவன் வேலை செய்கிறவனா? ஆமாம், அவனும் ஓர் இளம் உழைப்பாளிதான், மூளையால் உழைக்கிறான் என்று மாணவர் சங்கம் 1946-இல் கிரெனோப்ளில் கூடித் தீர்மானம் போட்டது. அந்த வாதம் ஜெயித்து, 1948 செப்டம்பர் 23-இல் மாணவர்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. பிற்பாடு வெளிநாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2017-இல்கூட வருஷத்துக்கு 217 யூரோ கட்டவேண்டியிருந்தது. 2018-க்குப் பிறகு அதுவும் போய்விட்டது. பதிவு செய்தால் போதும், டாக்டர் கட்டணத்தில் 70 சதவிகிதம் திரும்பி வரும். மிச்சத்துக்கு முய்த்துவெல் எடுத்துக்கொள்வது அவரவர் விருப்பம்.

பெற்றோர் விஷயம் வேறு. அவர்களுக்கு உரிமை கேட்டுத் தீர்மானம் போட எந்தச் சங்கமும் இல்லை. அவர்களைப் பற்றிச் சட்டம் பேச ஆரம்பித்ததே செலவுக் கணக்கில்தான். 2003 நவம்பரில் பிரான்ஸ் போட்ட குடியேற்றச் சட்டம், விருந்தாளியை வீட்டில் தங்கவைக்க மேரியில் வாங்கும் சான்றோடு மருத்துவக் காப்பீட்டையும் முடிச்சுப் போட்டது. (மேரி என்றதும் நம்ம கடற்கரைக் கட்டடம் நினைவுக்கு வரும். 2014 மழையில் இடிந்து விழுந்ததே, அது இல்லை. அந்த ஊர் மேரி.) படிக்கிற பெண் 30 யூரோ ஸ்டாம்பு வாங்கி, வாடகை ஒப்பந்தத்தையும் காட்டி, என் அப்பா அம்மா என் அறையில்தான் தங்குவார்கள் என்று எழுதிக்கொடுக்கவேண்டும். இடம் போதாது என்று மேயர் மறுக்கவும் முடியும். அடுத்த மாதமே, டிசம்பர் 22-இல், ஐரோப்பிய நாடுகள் கூடி, 2004 ஜூன் 1 முதல் ஷெங்கன் விசா கேட்கிற எல்லோருக்கும் 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு வேண்டும் என்று முடிவெடுத்தன. 2010-இல் விசா சட்டம் திருத்தி எழுதப்பட்டபோதும் தொகை மாறவில்லை. இன்றுவரை அதே 30,000-தான். ஆஸ்பத்திரிக் கட்டணம் மட்டும் அப்படி நிற்கவில்லை.

அந்தச் சட்டப் பிரிவை பிரெஞ்சிலேயே இரண்டு தடவை படித்தேன். அவசர சிகிச்சை, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு, மரணம் இவையெல்லாம் அடங்கவேண்டும், எல்லா ஷெங்கன் நாட்டிலும் செல்லவேண்டும் என்கிறது. ஏற்கெனவே இருக்கும் வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் புரட்டியவனுக்கு இது உடனே கண்ணில் படும். சட்டம் கேட்காததைக் கம்பெனி எதற்குத் தரப்போகிறது? விசாவுக்குப் போதுமான பாலிசியை சல்லிசான விலைக்கு விற்பார்கள். உள்ளே சின்ன எழுத்தில், சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் முன்பே இருந்தால் பொறுப்பில்லை என்று இருக்கும். பிள்ளையைப் பார்க்கப் போகும் அறுபது வயதுக்காரருக்கு வேறு என்ன வியாதி வரும், சொல்லுங்கள்!

என் தங்கை வீட்டுக்காரருக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வருஷம் முன்பு மகளைப் பார்க்க மொன்பெலியே போனவர், ஒன்பதாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரசு மருத்துவமனையில் மூன்று ராத்திரி. நன்றாகப் பார்த்தார்கள், முன்பணம் கட்டு என்று யாரும் கேட்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு கம்பெனி பழைய மருந்துச் சீட்டுகளைக் கேட்டு வாங்கியது. மூன்றாவது வாரம் மறுப்புக் கடிதம். பிறகு பிரான்சிலிருந்து பில் வந்தது.

“அண்ணே, இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க” என்றாள் தங்கை. படித்தேன். தொகை, அந்தப் பெண்ணின் ஒரு வருஷ வாடகைக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே அரசு மருத்துவமனைப் பாக்கியை வசூலிப்பது த்ரெசோர். தவணை கேட்டு மனு எழுதலாம். எழுதினேன், பத்துத் தவணை கொடுத்தார்கள். ஆறு தவணையை அந்தப் பெண் சாயந்திர வேலை பார்த்துக் கட்டினாள்.

அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் சந்தோஷப்படவேண்டாம். அங்கே சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கேட்பதேயில்லை. ஆனால் பில் பிரான்சைப் போலப் பல மடங்கு வரும்.

பலமுறை போய்வரும் விசா வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். முதல் பயணத்துக்கு மட்டும்தான் பாலிசியைக் காட்டச் சொல்வார்கள். அடுத்தடுத்த பயணத்துக்கு நானே எடுத்துக்கொள்வேன் என்று விண்ணப்பத்திலேயே நாம் கையெழுத்துப் போட்டிருப்போம்; பலர் அதைப் படிப்பதில்லை.

தங்கையும் அவரும் வருகிற அக்டோபரில் மறுபடி போகிறார்கள். இந்தத் தடவை சர்க்கரையையும் நெஞ்சு வலியையும் மறைக்காமல் எழுதிக்கொடுத்து, உயிருக்கு ஆபத்தான நிலையில் பழைய வியாதிக்கும் ஒரு வரம்புவரை பணம் உண்டு என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கியிருக்கிறோம். பிரீமியம் முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். பாலிசியின் நகல் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது.