சத்திரத்துக் கணக்கும் ஓட்டல் மேலாண்மைப் பட்டமும்

வெளியூரிலிருந்து வருவோரைத் தங்கவைத்து உணவளிக்கும் பணியைத் தேர்வெழுதிப் பெறும் பட்டமாகக் கருதும் வழக்கம் திருச்சிராப்பள்ளிக்கு அண்மைக் காலத்தில்தான் வந்தது; அதே பணியை அளந்து, பங்கிட்டு, கணக்கு வைத்து நடத்தும் நிர்வாகமோ, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில் பல நூற்றாண்டுப் பழமையுடையது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்திட்டத்தில் தேடுவதைவிட, உண்பவரின் செலவை யார் ஏற்றார் என்பதில் தேடுவதே பொருத்தம்.

திருவரங்கம் கோயிலின் வரலாற்றையும் நடைமுறைகளையும் தொகுத்துரைக்கும் கோயிலொழுகு, ஐந்தாக இருந்த பணியாளர் பிரிவுகளை இராமானுசர் பத்தாக விரித்தமைத்தார் என்று கூறுகிறது. ‘கொத்து’ எனப்பட்ட இப்பிரிவுகளுக்குத் தனித்தனிக் கடமைகள் வரையறுக்கப்பட்டிருந்தன. கொட்டாரம் என்னும் நெற்களஞ்சியத்திலிருந்து மடைப்பள்ளிக்குச் சென்ற அரிசி, தளிகையாகப் பெருமாளுக்கு அமுது செய்விக்கப்பட்ட பின்னரே பிரசாதமாகப் பிறரை அடைந்தமையால், இவ்வமைப்பின் முதல் விருந்தினர் அரங்கநாதரே எனலாம். இதனை இன்றைய மேலாண்மைக் கல்வியின் முன்னோடி என்று போற்றுவது எளிது. ஆயினும் கோயிற்பணி பெரும்பாலும் வழிவழியாக வந்த உரிமையாக இருந்ததேயன்றி, எவரும் கற்றுத் தேர்ந்து நுழையக்கூடிய தொழிலாக இருக்கவில்லை.

கோயிலுக்கு வெளியே இப்பொறுப்பைச் சத்திரங்கள் ஏற்றன. மதுரை நாயக்கர்களின் தலைநகரம் 17ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிக்கு மாறிய பின், 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பிலிருந்த இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தமைக்காக இன்றும் நினைக்கப்படுகிறார். சத்திரம் என்பது வழிப்போக்கர் கட்டணமின்றித் தங்குவதற்கும், பல இடங்களில் உண்பதற்கும், மானியமாக விடப்பட்ட நிலத்தின் வருவாயைக் கொண்டு நடத்தப்பட்ட அறநிலையம். ஆகவே விளைச்சல் பொய்த்தாலோ, பொறுப்பாளர் நேர்மை தவறினாலோ, இலையில் விழும் சோறு குறைந்தது. சென்னை மாகாண அரசு 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தால் கோயில்களோடு சத்திரங்களின் அறக்கொடைகளையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. 1862இல் நாகப்பட்டினத்திலிருந்து நீண்ட இருப்புப்பாதை திருச்சிராப்பள்ளியை எட்டியபோது, பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்த பயணி உணவுக்கும் பணம் கொடுக்கும் காலம் நெருங்கியது. பணம் கொடுத்தும் எல்லோரும் ஒரே பந்தியில் அமர முடியவில்லை. ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல்தான் ஒழிந்தது. மாநகரின் சத்திரம் பேருந்து நிலையம் பழைய அறத்தின் பெயரை மட்டும் தாங்கி நிற்கிறது.

விருந்தோம்பல் கல்வி மேலைநாடுகளில் ஓட்டல் தொழிலின் தேவையால் பிறந்தது: சுவிட்சர்லாந்தின் லோசானில் 1893இலும், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922இலும் அது தொடங்கியது. இந்தியாவிலோ, வியப்பாக, அதன் வேர் உணவுப் பற்றாக்குறையில் இருந்தது. தானியத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த லீலாவதி முன்ஷியின் முயற்சியால் 1954இல் பம்பாயில் முதல் நிலையம் தோன்றியது. சென்னையில் 1963இல் மற்றொன்று அமைந்தது. மைய அரசின் உணவுத் துறையின் கீழ் இருந்த இந்நிலையங்கள் 1982இல் சுற்றுலாத் துறைக்கு மாற்றப்பட்டபோது, பசித்தவருக்கு உணவைப் பகிர்வது என்ற நோக்கம் பின்தங்கி, கட்டணம் செலுத்தும் விருந்தினரின் நிறைவு முன்னுக்கு வந்தது. திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் மாநில அரசின் ஓட்டல் மேலாண்மைக் கல்வி நிலையம் இயங்குகிறது. மக்கள் பேச்சில் ‘கேட்டரிங்’ எனப்படும் இப்படிப்பு சமையல், பரிமாறல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு என்னும் நான்கு கிளைகளாகப் பிரிந்து நிற்கிறது. கொத்துகளைப் போலவே இதுவும் வேலையைப் பிரிக்கிறது, ஆனால் பிறப்பைக் கேட்பதில்லை.

திருவரங்கத்தில் இன்று இரு முறைகளும் அருகருகே நடக்கின்றன. 2012இல் தொடங்கிய நாள் முழுவதுமான அன்னதானத்தில் வருவோர் எவரும் பணமின்றி உண்கின்றனர். அதே கோயில் கொள்ளிடக் கரையில் நடத்தும் யாத்ரி நிவாஸில் அறைக்கு வாடகை செலுத்திப் பதிவு செய்தே தங்குகின்றனர்.