விரலைப் பிடித்த கை

அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு நம்ம நாட்டில் எப்பவுமே மரியாதை குறைச்சல். காலேஜ் புரொபசருக்கு மாலை விழும். ஹைஸ்கூல் எச்செம் வந்தால் எழுந்து நிற்பார்கள். ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் என்றால் "சின்னப் பசங்கள மேய்க்கிறவரு" என்பதோடு சரி. ஆனால் சேரியின் கல்வி வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால், எல்லாச் சண்டையும் அந்த ஒண்ணாங்கிளாஸ் வாசலில்தான் நடந்திருக்கிறது. யார் உள்ளே வரலாம் என்கிற சண்டை மட்டுமில்லை. யார் கையை யார் தொடுவது என்கிற சண்டை.

எழுத்து எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மணலைப் பரப்பி உட்காரும். வாத்தியாரோ சட்டாம்பிள்ளையோ அதன் விரலைப் பிடித்து மணலில் இழுத்து 'அ' போட வைப்பார். கை பழகின பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். பாட்டைத் தூரத்தில் நின்று கேட்டே மனப்பாடம் பண்ணிவிடலாம். கூத்தையும் கதையையும் நம்ம சனங்க அப்படித்தான் காதால் வாங்கி வைத்திருந்தார்கள். எழுத்தை அப்படி வாங்க முடியாது. யாராவது ஒருத்தர் விரலைப் பிடித்தாக வேண்டும். தொட்டால் தீட்டு என்று ஒதுக்கி வைத்த பிள்ளையின் விரலை எந்தத் திண்ணை வாத்தியார் பிடிப்பார்?

1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826இல் கணக்கு ஒன்றுசேர்ந்தது. 12,498 பள்ளிகள், 1,88,000க்கு மேல் பிள்ளைகள். காந்தியவாதி தரம்பால் 1983இல் இந்தக் கணக்கைப் புத்தகமாகப் போட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாலேயே எல்லாச் சாதியும் ஒண்ணாப் படிச்சது என்று பேசுகிறவர்கள் உண்டு. சூத்திரர் என்ற கலத்தில் எண்ணிக்கை அதிகம் என்பது உண்மைதான். நிலமும் கணக்கும் வைத்திருந்த சாதிகளும் அந்தக் கலத்துக்குள்தான் வருகின்றன. 'பிற சாதியார்' என்று இன்னொரு கலம் இருக்கிறது. நம்மை அதற்குள் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கலத்துக்குள் உட்கார வைப்பது சுலபம். திண்ணை ஊர்த்தெருவில் இருந்தது. அந்தத் தெருவில் செருப்பு மாட்டி நடக்க முடியாத சனம் திண்ணையில் ஏறி உட்கார்ந்து படித்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

இதற்காகச் சேரியில் எழுத்தே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. வள்ளுவர் வீட்டில் சோதிட ஏடு இருந்தது. வைத்தியர் வீட்டில் மருந்து ஏடு இருந்தது. எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்த திருக்குறள் ஏடு தன் பாட்டனார் கந்தப்பன் கொடுத்தது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். கந்தப்பனோ ஒரு துரை வீட்டு பட்லர். அந்த எழுத்து அப்பன் மகன் விரலைப் பிடித்துக் கொடுத்த எழுத்து. வீட்டுக்குள் இருந்தது, தெருவுக்கு வரவில்லை.

தெருவுக்கு வந்தது 1890களில். மிஷன் பள்ளிகள் அதற்கு முன்னாலேயே சேரிக்குள் வந்துவிட்டன, அது தனிக் கதை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதி, அதையொட்டி 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது நமக்குத் தெரியும். அடுத்த வருசமே, 1893இல், கல்விக்கும் ஒரு ஆணை வந்தது. 'பஞ்சமர் கல்வியின் மகாசாசனம்' என்று பிற்காலத்தில் பெயர் வாங்கின ஆணை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் தனிப் பள்ளிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், பஞ்சமரையே வாத்தியாராகப் பயிற்ற உதவிப்பணம் கொடுத்ததுதான் அதில் பெரிசு. கட்டடம் யாரும் கட்டலாம். விரலைப் பிடிக்க ஆள் வேண்டுமே.

1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு ஊரூரில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று விரிந்தது. பல்மர், கோர்ட்ரைட் என்கிற அமெரிக்கப் பெண்கள் மேற்பார்த்தார்கள். மயில் வரைந்தும் மண் பிசைந்தும் விளையாட்டாகச் சொல்லித்தரும் கிண்டர்கார்டன் முறையைச் சேரிப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் ஆல்காட் மனசில் ஒரு எல்லை இருந்தது. தமிழ், கொஞ்சம் கணக்கு, துரையோடு பேசுகிற அளவுக்கு இங்கிலீஷ். அது போதும் என்றிருந்தார். பஞ்சமர் என்ற பெயரே வேண்டாம் என்று அயோத்திதாசர் வாதாடினார்.

அந்தப் பள்ளிகளில் தினம் தினம் பிள்ளைகளோடு உட்கார்ந்த வாத்தியார்கள் யார்? ஆல்காட் பெயர் தெரியும், அமெரிக்கப் பெண்கள் பெயர் தெரியும். நம்ம வாத்தியார் பெயர் ஒன்று மட்டும் வரலாற்றில் எட்டிப் பார்க்கிறது. பஞ்சமர் பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியார். 1898இல் அயோத்திதாசரும் ஆல்காட்டும் கொழும்புக்குப் போனபோது கூடவே போய், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றவர். பண்டிதரைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு வரியில் வந்து ஒரு வரியில் போய்விடுவார். அவர் கையால் எத்தனை பேர் எழுதக் கற்றார்கள் என்று கேட்டவர் யாருமில்லை.

பின்னால் வந்தவர்களிலும் இந்த வேலை தொடர்கிறது. எம்.சி.ராஜா சட்டசபைக்குப் போவதற்கு முன் பள்ளி வாத்தியார். பாடநூலும் எழுதினார். 1916இல் சிதம்பரத்தில் சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1920களில் எல்.சி.குருசாமி சென்னையில் அருந்ததியர்களுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் வேலைக்குப் போகிற பிள்ளை இரவில்தானே வரும். தலைவர்கள் என்று மட்டும் இவர்களைப் படிக்கிறோம். கையில் சாக்பீஸ் இருந்ததை மறந்துவிடுகிறோம்.

லேபர் பள்ளிக்கூடம் என்றால் எங்கள் பக்கத்தில் வயசானவர்களுக்குப் புரியும். 1920க்குப் பிறகு லேபர் கமிஷனர் இலாகா சேரிகளில் திறந்த பள்ளிகள். எங்க தாத்தா 1940களில் அதில்தான் படித்தார். கூரைக் கொட்டாய், ஒரே வாத்தியார். அவரும் நம்ம ஆள்தான், வேற ஊர்க்காரர். பள்ளியிலேயே படுத்துக்கொள்வார். தாத்தா சொல்வார்: "எம் பின்னாடி குந்திக்கினு கைய வளச்சிப் புடிப்பாரு. அவரு மூச்சு எங் கழுத்துல படும். அம்மாவுக்கு அப்பறம் என்ன அப்பிடித் தொட்டவரு அவருதான்."

பொழுது சாய்ந்தால் பெரியவர்கள் வருவார்களாம். அவர்களுக்கு அ, ஆ இல்லை. முதல் பாடமே அவரவர் பெயர். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டால் கைநாட்டு வைக்க வேண்டாம். கைநாட்டு வைத்தால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. பத்து ரூபா கடன் நூறாகும். பஞ்சமி நிலம் எவன் பெயருக்கோ போகும். இப்படிப் போன நிலத்தைத் தேடித்தான் 1994இல் காரணையில் நம்ம சனங்க போராடி, இரண்டு உயிரைக் கொடுத்தார்கள்.

ஒரு ஆண்டை வாத்தியாரைக் கூப்பிட்டு, "மாடு மேய்க்கப் பையனே வரமாட்டேங்கறான், என்னய்யா பண்ணிக்கினு இருக்க?" என்று கேட்டாராம். வாத்தியார், "எழுத்துதான் சாமி சொல்லித்தரேன்" என்றாராம். சாமி என்று சொன்னாரே என்று எனக்குக் கோபம் வரும். தாத்தாவுக்கு வராது. "சொல்லிட்டு வந்து ராத்திரி பாடம் நடத்துனாரில்ல?" என்பார். அடுத்த வருசம் அவரை மாற்றிவிட்டார்கள். ஆறு மாசம் பள்ளி மூடிக் கிடந்ததாம்.

நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தது 1990களில், ஊர்ப் பள்ளியில். அங்கிருந்த டீச்சர் ஒருவர் எங்கள் சிலேட்டை வாங்க மாட்டார். தரையில் வை, தள்ளி நில் என்பார். குனிந்து பார்த்துக் குச்சியால் தப்பைக் காட்டுவார். என் 'அ' கோணலாகவே இருந்தது. தாத்தாதான் வீட்டுத் திண்ணையில் முறத்தில் அரிசியைக் கொட்டி, பின்னால் உட்கார்ந்து, என் விரலைப் பிடித்தார். சுழியைக் கொஞ்சம் பெரிசாகப் போட வைப்பார். அவர் வாத்தியார் அப்படித்தான் போடுவாராம். இன்றைக்கும் என் கையெழுத்தில் 'அ' வயிறு பருத்துத்தான் இருக்கிறது.